460 சி.சி.யும் ஒரு கார்பன் குழாயும்

ஆண்டுதோறும் ‘இதுவரை காணாத தூரம்’ என்று விற்கப்படும் கோல்ஃப் டிரைவர்களில் உண்மையில் என்ன புதிது? ஷாஃப்ட் தேர்வில் எதைப் பார்க்க வேண்டும்?

2025 மே மாதம், அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள குவெய்ல் ஹாலோ மைதானம். பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் தொடங்குவதற்கு முன்பே ரோரி மெக்கில்ராயின் டிரைவர் விதிமுறைச் சோதனையில் தேறவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் அவர் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று, நான்கு மேஜர்களையும் வென்ற மிகச் சிலரின் பட்டியலில் சேர்ந்திருந்தார். செய்தி கசிந்ததும் பலருடைய புருவமும் உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கோப்பையை வாங்கிய ஸ்காட்டி ஷெஃப்லர் இன்னொரு தகவலைச் சொன்னார்: அதே வாரம் அவருடைய டிரைவரும் தேறவில்லையாம். வேறு டிரைவரை எடுத்துக்கொண்டு ஆடி, ஐந்து ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

இருவரும் ஏமாற்றவில்லை. ‘சி.டி.’ என்று அழைக்கப்படும் அந்தச் சோதனையில், சிறிய எஃகு ஊசல் ஒன்றை டிரைவரின் முகத்தில் மோதவிட்டு, இரண்டும் எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அளக்கிறார்கள். நேரம் கூடினால் முகம் கூடுதலாகத் துள்ளுகிறது என்று அர்த்தம். வரம்பு 239 மைக்ரோ செகண்ட். அளவீட்டுக்கான சலுகையாக 18 சேர்த்து 257 வரை அனுமதி. நிறுவனங்கள் இந்த 257-ஐ எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கித்தான் டிரைவரைச் செய்கின்றன. ஆயிரக்கணக்கான முறை அசுர வேகத்தில் அடித்த பிறகு முகத்தகடு மெல்லத் தளர்ந்து, ஒருநாள் கோட்டைத் தாண்டிவிடுகிறது. 2019 பிரிட்டிஷ் ஓபனில் ஸாண்டர் ஷாஃபிலேயின் டிரைவருக்கு நேர்ந்ததும் இதுதான்.

புதிய டிரைவர் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தச் செய்தியைத்தான். கடையில் பளபளக்கும் இந்த ஆண்டு மாடலும், போன ஆண்டு மாடலும், ஐந்து வருடம் பழைய மாடலும் ஒரே உச்சவரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. முகத்தின் நடுவில் சரியாக அடித்த பந்தை இதற்குமேல் வேகமாக அனுப்ப விதி இடம் தரவில்லை.

உச்சவரம்பு வந்த கதை

ஒரு காலத்தில் டிரைவரின் ஹெட் பெர்சிமன் என்ற மரத்தில் கடைந்தது. 1979-ல் கேரி ஆடம்ஸ் என்ற விற்பனையாளர் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி, உள்ளீடற்ற எஃகு டிரைவரை விற்கக் கிளம்பினார். 1991-ல் எலி காலவே, முதல் உலகப் போரின் ஜெர்மானிய பீரங்கியின் பெயரைத் தன் டிரைவருக்குச் சூட்டினார்: ‘பிக் பெர்த்தா’. கொள்ளளவு 190 சி.சி.தான், ஆனால் அன்றைக்கு அது பூதாகரம். 1995-ல் டைட்டானியத்தில் ‘கிரேட் பிக் பெர்த்தா’ வந்தது. இலேசான உலோகம் கிடைத்ததும் எல்லாரும் ஹெட்டை ஊதிப் பெரிதாக்க ஆரம்பித்தார்கள். இப்படியே விட்டால் கதை எங்கே போய் முடியுமோ என்று பயந்த விதிமுறை அமைப்புகள் (அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் யு.எஸ்.ஜி.ஏ., மற்ற உலகுக்கு ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ) 2004-ல் 460 சி.சி. என்று கயிறு கட்டின. நம் புல்லட் மோட்டார் சைக்கிளே 350 சி.சி. என்பதை நினைத்துப் பார்த்தால், குச்சியின் நுனியில் இருக்கும் இந்த உருண்டையின் பருமன் புரியும்.

கயிறு கட்டிய சில வருடங்களிலேயே அத்தனை நிறுவனங்களும் 460-ஐ எட்டிவிட்டன. முகத்தின் துள்ளலும் எல்லையைத் தொட்டுவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: நடுவில் படாத அடியை எவ்வளவு காப்பாற்றுவது? இருபது வருடமாக எல்லாப் பொறியாளர்களும் இந்த ஒரு கேள்வியோடுதான் மல்லாடுகிறார்கள்.

பந்து முகத்தின் ஓரத்தில் பட்டால் ஹெட் திருகிக்கொள்ளும். திருகலை எதிர்க்கும் சக்திக்குப் பெயர் எம்.ஓ.ஐ. எடையை நடுவிலிருந்து விலக்கி விளிம்புக்கும் பின்புறத்துக்கும் தள்ளினால் அது கூடும். இதற்கும் வரம்பு உண்டு: 5,900, சலுகை 100. 2024-ல் பிங் நிறுவனம் ‘ஜி430 மேக்ஸ் 10கே’ என்றும், டெய்லர்மேட் ‘க்யூ.ஐ.10 மேக்ஸ்’ என்றும் இறக்கி, பத்தாயிரம் எம்.ஓ.ஐ. என்று முழங்கின. 6,000-ஐத் தாண்டக் கூடாதென்றால் பத்தாயிரம் எப்படி வந்தது? விதி அளப்பது பக்கவாட்டுத் திருகலை மட்டும். விளம்பரம் மேல்-கீழ் திருகலையும் அதோடு கூட்டிச் சொல்கிறது. பொய்யில்லை, கூட்டல் கணக்கு. ஆனால் அந்த ஹெட்கள் உண்மையிலேயே நல்லவை. சற்றே தப்பிப்போன அடியை அவை காப்பாற்றுவது கண்கூடு.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எடை பின்னே போகப் போகப் பந்து உயரமாகவும் கொஞ்சம் கூடுதல் ஸ்பின்னோடும் கிளம்பும். எடையை முன்னே இழுத்தால் ஸ்பின் குறையும், மன்னிக்கும் குணமும் குறையும். காலவேயின் ‘டிரிபிள் டைமண்ட்’, பிங்கின் ‘எல்.எஸ்.டி.’, டைட்டிலிஸ்ட்டின் 430 சி.சி. ‘ஜி.டி.4’ எல்லாம் இந்தக் குறைந்த ஸ்பின் ரகம். வேகமாக அடிப்பவர்களுக்காகச் செய்தவை. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இவற்றை வாங்கும் வார இறுதி ஆட்டக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவர்களுடைய பந்து மேலே போய் நிற்பதற்குத் தேவையான ஸ்பின்னையே அவை பறித்துவிடும்.

2025-ன் வரிசையைப் பார்த்தால் காலவேயின் எலைட், டெய்லர்மேடின் க்யூ.ஐ.35, பிங்கின் ஜி440, முந்தைய ஆண்டு வந்த டைட்டிலிஸ்ட் ஜி.டி., கோப்ராவின் டி.எஸ்.-அடாப்ட். அறிமுகமானபோது எல்லாம் அமெரிக்காவிலேயே 600 டாலரை ஒட்டிய விலை. நம் கணக்கில் அரை லட்சத்துக்கு மேல். இவற்றில் எனக்கு உண்மையாகவே புதிதாகத் தெரிந்தது கோப்ராவின் கழுத்து மூட்டு. 33 நிலைகளில் திருப்பலாம். முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது (லாஃப்ட்) என்பதையும், பந்தின் அருகே ஹெட் எப்படி உட்காருகிறது என்பதையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். மற்றவற்றுக்கிடையே சத்தமும் உருவமும் கணிசமாக வேறுபடுகின்றன. தூரம் அவ்வளவாக வேறுபடவில்லை. மெக்கில்ராயே 2025 தொடக்கத்தில் க்யூ.ஐ.35-ஐ முயன்று பார்த்துவிட்டு, முந்தைய ஆண்டின் க்யூ.ஐ.10-க்குத் திரும்பினார். அதைக் கொண்டுதான் மாஸ்டர்ஸை வென்றார்.

ஆர் அண்ட் ஏ பிரிட்டிஷ் மைதானங்களில் பல்லாண்டுகளாகச் சாதாரண ஆட்டக்காரர்களின் டிரைவிங் தூரத்தை அளந்து வருகிறது. 1996-ல் ஆண்களின் சராசரி சுமார் 200 கெஜம். 2019-ல் சுமார் 216. இந்த உயர்வு கிட்டத்தட்ட முழுவதும் 2005-க்குள்ளேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை டிரைவர் அறிமுகங்கள், எத்தனை வாசகங்கள்! சராசரி அசையவில்லை.

உள்ளே இருக்கும் குழாய்

ஹெட்டுக்கு இத்தனை விதிகள் இருக்க, அதைத் தாங்கும் குழாயான ஷாஃப்டின் விறைப்புக்கு விதியும் இல்லை, பொது அளவுகோலும் இல்லை. நீளத்துக்கு மட்டும் வரம்பு: 48 அங்குலம். 2022 முதல் பெரிய போட்டிகளில் அதை 46 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். 2021-ல் ஐம்பது வயதில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்ற ஃபில் மிக்கல்சன் கையில் இருந்தது 47.9 அங்குல டிரைவர். புதிய வரம்பு வந்தபோது அதிகம் கோபப்பட்டவரும் அவர்தான்.

ஹிக்கரி மரக் கழிகள் போய் எஃகுக் குழாய்கள் வந்தது 1920-களில். ஆர் அண்ட் ஏ 1929-ல்தான் எஃகை ஏற்றது. பாபி ஜோன்ஸ் 1930-ல் ஒரே ஆண்டில் நான்கு பட்டங்களையும் வென்றது பழைய ஹிக்கரியைக் கொண்டே. கார்பன் இழை ஷாஃப்ட் எழுபதுகளின் தொடக்கத்தில் கடைக்கு வந்தது. ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் அதை வடிவமைத்த ஃபிராங்க் தாமஸ், பிறகு யு.எஸ்.ஜி.ஏ.வின் தொழில்நுட்ப இயக்குநராகி, டிரைவர்களுக்கு எல்லை வகுக்கும் இடத்தில் உட்கார்ந்தார் என்பது இந்தத் துறையின் சுவையான முரண். டைகர் வுட்ஸ் தன் உச்சகட்ட ஆண்டுகளில் 43.5 அங்குல எஃகு ஷாஃப்டில்தான் டிரைவர் அடித்தார். கார்பனுக்கு மாறியது பிற்பாடுதான்.

கார்பன் ஷாஃப்ட் தயாராகும் விதம் எளிமையானது. பிசின் ஊறிய கார்பன் இழைத் தாள்களைச் சாய்வாகக் கத்தரித்து, கூம்பான எஃகுக் கம்பியின்மேல் சுற்றுவார்கள். நீளவாக்கில் போகும் இழைகள் வளைவைத் தடுக்கும். 45 டிகிரி சாய்வாக ஓடும் இழைகள் முறுக்கைத் தடுக்கும். மேலே இறுக்கமாக நாடா சுற்றி அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவி, தேய்த்து, சாயம் பூசினால் ஷாஃப்ட். எந்த இடத்தில் எத்தனை சுற்று, எந்த ரக இழை என்பதில்தான் வித்தை முழுதும். வெளியே தெரிவதெல்லாம் சாயம் மட்டும். ஒரே பெயர், ஒரே நிறம் தாங்கிய இரண்டு ஷாஃப்ட்களில் ஒன்று டிரைவரோடு இலவசமாக வரும், இன்னொன்று தனியாக முன்னூறு டாலர் இருக்கும். உள்ளே சுற்றியிருக்கும் பொருளே வேறாக இருக்கலாம். கேட்டு வாங்க வேண்டும்.

நிறத்தை நம்பியும் போக முடியாது. ஃபுஜிகுராவின் வென்டஸ் வரிசையில் சிவப்பு பந்தை உயர அனுப்பும், நீலம் நடுத்தரம், தாழ்வாகப் பறக்கவிடுவது கறுப்பு. மிட்சுபிஷியின் டென்சேய் வரிசையிலோ தாழ்வாகப் பறக்கவிடுவது வெள்ளை.

எழுத்துக்களோ இன்னும் மோசம். பெண்களுக்கு எல், மூத்தவர்களுக்கு ஏ, பிறகு ஆர், எஸ், எக்ஸ் என்று விறைப்பு ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஆர், இன்னொன்றின் எஸ்ஸைவிட விறைப்பாக இருக்கக்கூடும். கேட்பாரில்லை. நல்ல கிளப் பட்டறையில், ஷாஃப்டின் பிடிப் பக்கத்தை இறுக்கிப் பிடித்து, ஹெட்டை இழுத்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று கருவி வைத்து எண்ணுவார்கள். டிரைவரில் இது 250-ஐ ஒட்டி வரும். ஒப்பிட உதவும் எண் அதுதான். அச்சடித்த எழுத்து வெறும் பெயர்ப்பலகை.

நாற்பது வயது தாண்டிய ஆண்கள் பலர் ‘ஆர்’ என்று அச்சடித்த ஷாஃப்டை வாங்கத் தயங்குவதை எந்தக் கடைக்காரரும் சொல்வார். ஷாஃப்டில் எழுத்தே போடாமல் எண் மட்டும் போட்டால் பாதிப் பேருக்கு ஆட்டம் தேறிவிடும் என்பது என் எண்ணம்.

உதைக்காத ஷாஃப்ட்

ஷாஃப்ட் வில்லாக வளைந்து, பந்தின் அருகே வந்ததும் சாட்டைபோல் சொடுக்கி உதைக்கிறது என்பது பலரும் நம்பும் கதை. பந்துக்கும் முகத்துக்கும் தொடர்பு இருப்பது சுமார் அரை மில்லி செகண்ட். மோதிய அதிர்வு கைக்கு ஏறித் திரும்பி வருவதற்குள் பந்து போயே போய்விட்டது. அந்தக் கணத்தில் ஹெட், ஷாஃப்டோடு சம்பந்தமே இல்லாத தனிப் பொருளைப்போலத்தான் நடந்துகொள்கிறது.

அப்படியானால் ஷாஃப்ட் என்ன செய்கிறது? கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகத்தின் சாஷோ மெக்கன்ஸி இதைக் கணினி மாதிரியில் ஆராய்ந்தவர். ஸ்விங் மேலிருந்து கீழே திரும்பும்போது ஷாஃப்ட் பின்னுக்கு வளைகிறது. ஆனால் பந்தை நெருங்கும்போது ஹெட்டின் எடை மையம் ஷாஃப்டின் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், சுழற்சியின் இழுப்பு அந்த மையத்தைக் கோட்டுக்கு இழுக்கப் பார்க்கிறது. ஷாஃப்ட் முன்னோக்கி வளைந்து, முகம் மேல்நோக்கித் திறக்கிறது. விறைப்பை மாற்றினால் ஹெட்டின் வேகம் பெரிதாக மாறுவதில்லை. முகம் பந்தைச் சந்திக்கும் கோணம்தான் ஓரிரு டிகிரி மாறுகிறது.

ஓரிரு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. ஆனால் அதற்குமேல் ஆசைப்படவும் கூடாது. ‘ஷாஃப்ட் மாற்றினேன், முப்பது கெஜம் கூடியது’ என்று யாராவது சொன்னால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். முன்பு இருந்தது முற்றிலும் பொருந்தாத ஷாஃப்ட். அல்லது, புதியதில் பந்து முகத்தின் நடுவில் படத் தொடங்கியிருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம். எடை, நீளம், விறைப்பு மூன்றும் கைக்கு இசைந்தால் ஹெட் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு வரும். ஷாஃப்ட் பொருத்தத்தின் பயன் பெரும்பாலும் இதில் அடங்கிவிடுகிறது.

எடை முதலில். இன்றைய டிரைவர் ஷாஃப்ட்கள் 40 கிராமிலிருந்து 70 கிராமுக்கு மேலும் இருக்கின்றன. இலேசானது வேகம் தரும் என்பது காகிதக் கணக்கு. அவசரமாகக் கீழே இழுக்கும் பழக்கம் உள்ளவர் கையில் 45 கிராம் ஷாஃப்ட் காணாமல்போய்விடும். ஹெட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவருக்கு 65 கிராமில் வேகம் ஒரு மைல் குறைந்து, தூரம் கூடக்கூடும்.

விறைப்பைத் தேர்வதில் மணிக்கு 85 முதல் 95 மைல் வரை ஆர், 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ் என்று ஓர் அட்டவணை எல்லாக் கடையிலும் தொங்கும். தொடக்கத்துக்குப் பரவாயில்லை. ஆனால் ஒரே 95 மைல் வேகத்தில் இருவர் அடிக்கலாம். ஒருவர் மேலே நிதானித்து மெதுவாகத் திரும்புபவர், மற்றவர் வெடுக்கென்று இழுப்பவர். ஷாஃப்டுக்கு இவர்கள் தரும் சுமை வேறு வேறு. கிளப்பை ஆளுக்கேற்பப் பொருத்தித் தரும் நல்ல ஃபிட்டர், திரையில் ஓடும் எண்களைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தத் திருப்பத்தைத்தான் பார்ப்பார். திரையை மட்டும் பார்ப்பவரிடம் போகாதீர்கள்.

நீளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அதிகம் பேச விரும்புவது அதைத்தான். கடையில் விற்கும் டிரைவர்கள் 45.5 அங்குலம், சில 46. தினமும் அடித்தே பிழைக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 45-ஐ ஒட்டி அல்லது அதற்கும் குறைவாக வைத்துக்கொள்கிறார்கள். அவர்களைவிட நீளமான கருவி நமக்கு எதற்கு? கடைத் திரையில் பத்து அடியில் ஒன்று மிக நீளமாகத் தெரிவதற்கு. மிச்சம் ஒன்பதுக்கும் விலை கொடுப்பது நாம். அரை அங்குலம் வெட்டினால் பந்து நடுவில் படும் வாய்ப்பு கூடும். ஒரு சிக்கல்: வெட்டியதும் ஹெட் எடையில்லாததுபோலத் தோன்றும். இந்த உணர்வை அளக்கும் ஸ்விங் வெயிட் கணக்கில் அரை அங்குலத்துக்கு மூன்று புள்ளி. ஒரு புள்ளிக்குச் சுமார் இரண்டு கிராம். ஆகவே ஹெட்டில் ஆறு கிராம் ஏற்ற வேண்டும். இப்போதைய டிரைவர்களில் திருகு எடைகள் இருப்பதால் இது பத்து நிமிட வேலை.

ரோரியை விடுங்கள், நெல்லியைப் பாருங்கள்

டென்மார்க்கின் டிராக்மேன் ரேடாரும், ஃபோர்சைட்டின் கேமராக் கருவிகளும் வந்த பிறகு ஃபிட்டிங் என்பது யூகத்திலிருந்து கணக்குக்கு மாறியது. டிராக்மேன் வெளியிட்ட சராசரிகளின்படி, பி.ஜி.ஏ. டூர் ஆட்டக்காரரின் டிரைவர் வேகம் மணிக்கு 115 மைலை ஒட்டியது. ஹெட் சற்றே கீழ்நோக்கி வந்து பந்தைச் சந்திக்கிறது. பந்து 10, 11 டிகிரியில் கிளம்புகிறது. எல்.பி.ஜி.ஏ. பெண்களின் வேகம் சுமார் 95. ஆனால் அவர்கள் ஹெட்டை ஏறக்குறைய மூன்று டிகிரி மேல்நோக்கி வரவிட்டு அடிக்கிறார்கள். பந்து 13 டிகிரியை ஒட்டிக் கிளம்பி, 220 கெஜம் அளவுக்குக் காற்றிலேயே போகிறது. நம் ஊர் சனிக்கிழமை ஆட்டக்காரரின் வேகம் 90, 95. அவர் வாங்குவதோ ரோரியின் 9 டிகிரி டிரைவர். பார்த்துப் படிக்க வேண்டியது எல்.பி.ஜி.ஏ.வின் நெல்லி கோர்டாவை. 10.5 அல்லது 12 டிகிரி லாஃப்ட், கொஞ்சம் முன்னே வைத்த பந்து, சற்று உயர்ந்த டீ: ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் கெஜங்கள் இவை. பெங்களூருவின் அதிதி அசோக்கை நீளமாக அடிப்பவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்தவர் அவர்.

ஃபிட்டிங்குக்குப் போகும்போது உங்கள் சொந்த டிரைவரை எடுத்துப் போங்கள். முதலில் அதைத்தான் அளக்க வேண்டும். நீங்கள் ஆடும் பந்தையே பயன்படுத்தக் கேளுங்கள், பயிற்சிப் பந்து எண்களைக் குழப்பும். முகத்தில் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயைப் பூசச் சொல்லுங்கள். பந்து பட்ட இடம் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். முகத்தின் அடியில் பட்டால் ஸ்பின் ஏறும், மேலே பட்டால் குறையும். ஓரங்களில் பட்டால் பந்து வளைந்து திரும்பும். ஒரு ஷாஃப்டில் ஸ்பின் குறைந்ததாகத் திரை காட்டும்போது, காரணம் ஷாஃப்டா, பந்து சற்று மேலே பட்டதா என்று அந்த வெள்ளைத் தடம்தான் சொல்லும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஹெட், ஷாஃப்ட், லாஃப்ட் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டுத் தூரம் கூடியது என்று காட்டுபவர் விற்பனையாளர்.

ஊட்டியில் ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழாயிரம் அடிக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால் அதே அடி சென்னையைவிடச் சுமார் எட்டு சதவீதம் கூடுதலாகப் போகும். பந்தைத் தூக்கும் விசையும் குறையும். சென்னையில் பொருத்திய டிரைவர் அங்கே தாழ்வாகப் பறப்பதுபோலத் தோன்றினால் ஷாஃப்டைக் குறை சொல்ல வேண்டாம். கழுத்து மூட்டைத் திருப்பி லாஃப்டை ஒரு டிகிரி ஏற்றினால் போதும். கீழே இறங்கியதும் மறக்காமல் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

கழுத்து மூட்டு என்றதும் இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் மூட்டு இன்னொரு நிறுவனத்தின் ஹெட்டில் பொருந்தாது. நல்ல ஷாஃப்ட் ஒன்று அமைந்துவிட்டால், ஹெட்டை மாற்றும்போது மூட்டை மட்டும் கழற்றி வேறொன்றை ஒட்டிக்கொள்ளலாம், செலவு கொஞ்சம்தான். ஹெட்டை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றி, ஷாஃப்டைப் பத்து வருடம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கார்பன் குழாய் கீறலோ வெடிப்போ இல்லாதவரை நன்றாகத்தான் இருக்கும். பணம் குறைவாக இருந்தால் இரண்டு வருடம் பழைய ஹெட்டை வாங்கி, மிச்சத்தை ஃபிட்டருக்குக் கொடுப்பதைத்தான் நான் செய்வேன்.

வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டால், பில் போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பழைய டிரைவரால் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் அடித்து உடம்பு நன்றாகச் சூடேறியிருக்கும். காலையில் அடித்ததைவிடப் பழையதும் நன்றாகவே போகும். இரண்டிலும் மிக நீளமான அடியை விட்டுவிட்டு, மிக மோசமான மூன்று அடிகளை எடுத்து ஒப்பிடுங்கள். புதியதில் அந்த மூன்றும் ஃபேர்வேக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால் பணத்தை எடுக்கலாம்.